சாரட்டுக்காரர் செய்த மின்சாரக் கார்

டெட்ராய்ட் எலெக்ட்ரிக் காரில் ஓட்டுகிறவருக்கு இடம் பின் சீட்டில். முன்னால் இருக்கைகள் உண்டு. ஆனால் அவற்றில் உட்காரும் விருந்தாளிகள் சாலைக்கு முதுகைக் காட்டி, ஓட்டுகிறவரின் முகம் பார்த்துப் பேசியபடி வருவார்கள். அவர்களுடைய தலைகளுக்கும் தொப்பிகளுக்கும் நடுவே கிடைக்கிற சந்தில்தான் சாலை தெரியும். வட்டமான ஸ்டியரிங் கிடையாது. பக்கவாட்டிலிருந்து நீளும் ஒரு தண்டைத் தள்ளியும் இழுத்தும் வண்டியைத் திருப்ப வேண்டும். ஏறி இறங்கும்போது அதை மடக்கி வைத்துக்கொள்ளலாம். இடக்கைப் பக்கம் இன்னொரு சின்னக் கைப்பிடி, அதுதான் வேகம். சுற்றிலும் பெரிய பெரிய கண்ணாடிகள், மூலைகளில் வளைந்த கண்ணாடி, உள்ளே பட்டும் கம்பளித் துணியும் போர்த்திய மெத்தை இருக்கைகள், ஜன்னல் திரை, பூச்செருகி வைக்க ஒரு குவளை. எஞ்சின் சத்தம் இல்லை, புகை இல்லை, கியர் இல்லை. மணிக்கு 32 கிலோமீட்டர் போனால் அதிகம்.

அந்த வேகத்தில், இந்த இருக்கை அமைப்பில் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. குதிரை வண்டிகள் இன்னும் தெருவில் இருந்த காலம் அது.

முதல் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்க நகரங்களில், வசதியான வீடுகளில் இந்தக் கார் நின்றது. கடைக்கும் தேநீர் விருந்துக்கும் தேவாலயத்துக்கும் பெண்கள் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். 1907-இல் தொடங்கி 1939 வரை ஏறத்தாழ 13,000 கார்களை இதைச் செய்த நிறுவனம் விற்றது. தொடக்ககால அமெரிக்க மின்கார் கம்பெனிகளில் அதிக காலம் தாக்குப்பிடித்ததும் இதுதான். ஏன் தொடர்ந்து நிலைக்கவில்லை என்று கேட்டால், பேட்டரி போதவில்லை, தூரம் போகவில்லை, பெட்ரோல் மலிந்துவிட்டது என்று மூன்று காரணங்களை யாரும் மளமளவென்று சொல்லிவிடுவார்கள். மூன்றும் பொய்யல்ல. ஆனாலும் டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கின் கதையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் பேட்டரிக்கு முன்னால் கண்ணில் படுவது வேறொன்று: அந்தக் காரைச் செய்தவர்களின் பழைய தொழில்.

வில்லியம் ஆண்டர்சன் அடிப்படையில் சாரட்டு செய்கிறவர். மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹ்யூரான் ஊரில் 1884-இல் ஆண்டர்சன் கேரேஜ் கம்பெனியைத் தொடங்கி, பத்துப் பதினோரு ஆண்டுகளில் டெட்ராய்ட் நகரத்துக்கு அதை மாற்றிக்கொண்டார். மரம், தோல், இரும்புப் பட்டை, வார்னிஷ் ஆகியவைதான் அந்தப் பட்டறையின் சரக்கு. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சாரட்டுத் தொழிலுக்கு நாள் எண்ணத் தொடங்கியாயிற்று என்பது டெட்ராய்ட்டில் இருந்த யாருக்கும் தெரிந்திருக்கும். ஓல்ட்ஸ், லேலண்ட், ஃபோர்டு என்று ஆளாளுக்குக் கார் செய்துகொண்டிருந்தார்கள்.

எந்த மாதிரிக் கார் என்பது அப்போது முடிவாகியிருக்கவில்லை. 1900-இல் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் நீராவியில் ஓடியவை 1,681, மின்சாரத்தில் ஓடியவை 1,575. பெட்ரோல் கார்கள் வெறும் 936. அதற்கு முந்தைய ஆண்டுதான் பெல்ஜியத்துக்காரரான காமில் ஜெனாட்ஸி, பாரிஸுக்கு அருகே ஒரு மின்காரை மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி உலக வேக சாதனை படைத்திருந்தார். நியூயார்க் தெருக்களில் மின்சார டாக்ஸிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஊரில் கார் மோதி இறந்த முதல் மனிதர் ஹென்றி பிளிஸ். 1899 செப்டம்பரில் அவர்மேல் மோதியதும் ஒரு மின்சார டாக்ஸிதான்.

ஒரு சாரட்டுக்காரருக்கு மின்கார்தான் வாகான வழி. பெட்ரோல் கார் செய்ய வேண்டுமானால் வார்ப்படம், சிலிண்டர் கடைசல், கியர்ப்பெட்டி, குளிர்விக்கும் ஏற்பாடு என்று அதுவரை தொட்டுக்கூடப் பார்க்காத வேலைகளைக் கற்க வேண்டும். மின்காரில் அந்தத் தொல்லை இல்லை. மோட்டாரை ஒருவரிடம் வாங்கலாம், பேட்டரியை இன்னொருவரிடம் வாங்கலாம். நடுவில் இருக்கிற பாடி மட்டும் தன் கை வேலை. குதிரை கட்டுகிற ஏர்க்காலை எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் இரண்டு பெட்டிகளில் பேட்டரியை வைத்தால் ஏறக்குறைய முடிந்தது. ஜார்ஜ் பேக்கன் என்ற பொறியாளர் வடிவமைத்த முதல் கார் 1907-இல் வெளிவந்தது. அந்த ஆண்டு 125 கார்கள் விற்றன. மோட்டார் கொடுத்துவந்த கிளீவ்லாந்து நிறுவனமான எல்வெல்-பார்க்கரை 1909-இல் ஆண்டர்சன் விலைக்கே வாங்கிவிட்டார். 1911-இல் கம்பெனியின் பெயரிலிருந்து சாரட்டு போய், ஆண்டர்சன் எலெக்ட்ரிக் கார் கம்பெனி ஆயிற்று. டெட்ராய்ட்டின் கிளே அவென்யூவில் இருந்த தொழிற்சாலையிலிருந்து ஆண்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கார்கள் வெளியேறிய செழிப்பான காலம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வாங்கியவர்கள் ஏன் வாங்கினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய பெட்ரோல் காரைக் கிளப்பும் சடங்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பக்கம் குனிந்து, இரும்புக் கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துச் சுற்ற வேண்டும். பற்றவைப்பு நேரத்தைச் சரியாக வைக்காவிட்டால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். கைப்பிடி எகிறி மணிக்கட்டை உடைத்த கதைகள் ஏராளம். தாடையைப் பெயர்த்ததும் உண்டு. பனி விழும் டெட்ராய்ட் காலையில் இந்த வேலையைச் செய்வது இன்னும் கொடுமை. மின்காரில் சாவியைத் திருப்பி, கைப்பிடியைத் தள்ளினால் வண்டி கிளம்பிவிடும். நள்ளிரவில் நோயாளி வீட்டிலிருந்து ஆள் வந்தால் உடனே புறப்பட வேண்டிய டாக்டர்கள் இதை விரும்பியதில் வியப்பில்லை. பெண்களுக்காகவும் டாக்டர்களுக்காகவும் தனித்தனியே கணக்குப் போட்டுத்தான் கம்பெனி விளம்பரம் செய்தது.

இன்னொன்று, கூரை. அன்றைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் திறந்தவை. மழைக்குத் துணிக்கூரை, தூசுக்கு மேலங்கி, கண்ணுக்குக் கண்ணாடி என்று ஒரு பயணத்துக்கு அவ்வளவு மூட்டை கட்ட வேண்டும். டெட்ராய்ட் எலெக்ட்ரிக் நாலாபுறமும் அடைத்த கார். அகலத் தொப்பி வைத்த பெண் தலை குனியாமல் உள்ளே உட்காரலாம். பட்டுப் புடவையாக இருந்தாலும் சேறு படாது என்று நம் பாட்டிமார் மெச்சியிருப்பார்கள்.

சார்ஜ் ஏற்றுவதுதான் சிக்கலாக இருந்தது, அதற்கும் ஒரு விடை கண்டார்கள். பேட்டரிக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். நகரங்களில் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்ததோ பெரும்பாலும் மாறுமின்னோட்டம். பீட்டர் கூப்பர் ஹூவிட் என்பவர் 1902-இல் கண்டுபிடித்த பாதரச வில் மின்திருத்தி இந்த இடைவெளியை அடைத்தது. பலூனைப் போல் ஊதிய ஒரு கண்ணாடிக் குடுவை, அடியில் கொஞ்சம் பாதரசம். உள்ளே மின்பொறி துள்ளத் துள்ள நீலப்பச்சை வெளிச்சம் பரவும். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி இதை வீட்டுக் கார் கொட்டகைக்கு ஏற்றபடி செய்து விற்றது. மாலையில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி வயரை மாட்டிவிட்டால், காலைக்குள் பேட்டரி நிறைந்துவிடும். இன்றைக்கு வீட்டுச் சுவரில் சார்ஜர் மாட்டியிருப்பவர்கள் தங்களை முன்னோடி என்று நினைத்துக்கொண்டால் அது நூறு வருடம் தாமதமான பெருமை.

ஒருமுறை ஏற்றினால் 130 கிலோமீட்டர் போகும் என்றது விளம்பரம். ஒரு சோதனை ஓட்டத்தில் 340 கிலோமீட்டர் ஓடிக் காட்டியது என்பதைக் கம்பெனி சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது. அப்படிச் சோதனை ஓட்டங்களில் வேகத்தைக் குறைத்து, மேடு பள்ளம் இல்லாத பாதையில் ஓட்டுவார்கள் என்பதைக் கழித்துக்கொண்டாலும், நகரத்துக்குள் ஒரு நாள் முழுக்கச் சுற்ற 130 கிலோமீட்டர் தாராளம். அந்தக் காலத்து டெட்ராய்ட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பலமுறை போய்வந்தாலும் பேட்டரி மிஞ்சியிருக்கும்.

வழக்கமாக வந்தது ஈய பேட்டரி. 1911 முதல், கூடுதலாக 600 டாலர் கொடுத்தால் எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரி கிடைத்தது. தாமஸ் எடிசன் தன் பிற்கால உழைப்பில் பெரும்பகுதியைக் கொட்டிய பொருள் அது. 1903-இல் முதல் வடிவத்தைச் சந்தைக்கு விட்டார். ஒழுகியது, சக்தி குறைந்தது. திரும்ப வாங்கிக்கொண்டு, மேலும் சில ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு புது வடிவத்தைக் கொண்டுவந்தார். ஈய பேட்டரி சில ஆண்டுகளில் சாகும்; எடிசன் பேட்டரி பல பத்தாண்டு உழைக்கும். அதற்கும் ஒரு குறை உண்டு. குளிரில் அது சோர்ந்துவிடும். மிச்சிகனின் ஜனவரி மாதம் அதற்குப் பகை.

வாங்கியவர்கள் பட்டியல் பார்க்கத் தக்கது. எடிசனே ஒன்று வைத்திருந்தார். ஜான் ராக்ஃபெல்லரின் மகனிடம் இருந்தது. அதாவது, பெட்ரோலியத்தில் உலகின் பெரும் செல்வத்தைச் சேர்த்த குடும்பத்தில் ஒரு மின்கார். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் மேதை சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1914-ஆம் ஆண்டு வந்த ஒரு டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கை வைத்திருந்தார். மாறுமின்னோட்டக் கணிதத்தை ஒழுங்குபடுத்தியவர், நாலடிச் சொச்சம் உயரம், கூன் முதுகு, வாயில் எப்போதும் சுருட்டு. எதிர்காலம் மின்கார்களுக்கே என்று நம்பி, வாழ்வின் கடைசி ஆண்டுகளில் தன் பெயரிலேயே மின்வண்டிக் கம்பெனி ஒன்றையும் தொடங்கிப் பார்த்தார். 1923-இல் இறந்தார், கம்பெனி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. அவருடைய கார் மட்டும் செப்பனிடப்பட்டு, அவர் பாடம் நடத்திய ஷெனெக்டடி நகரத்தின் யூனியன் கல்லூரியில் இன்றும் இருக்கிறது.

எல்லாரையும் விட அதிகம் பேசப்பட்ட வாடிக்கையாளர் கிளாரா ஃபோர்டு. மாடல் டி காரை லட்சக்கணக்கில் செய்து தள்ளிய ஹென்றி ஃபோர்டின் மனைவி. கணவர் செய்த கார் சத்தம் போடும், அழுக்காக்கும், கைப்பிடி சுற்ற வேண்டும். ஹென்றி அவருக்கு டெட்ராய்ட் எலெக்ட்ரிக் வாங்கிக் கொடுத்தார், அதுவும் ஒன்றோடு நிற்கவில்லை. 1914-ஆம் ஆண்டு வாங்கியது இன்று டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஃபோர்டுக்கு மின்சாரம் அந்நியமல்ல. டெட்ராய்ட்டின் எடிசன் மின் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டேதான் தன் முதல் பெட்ரோல் வண்டியைச் செய்தார். 1896-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு விருந்தில் எடிசனைச் சந்தித்து அதைப் பற்றிச் சொன்னபோது, மின்வண்டி மின்நிலையத்தை விட்டுத் தூரம் போக முடியாது, உங்கள் வழியை விடாதீர்கள் என்ற பொருள்பட எடிசன் ஊக்கம் கொடுத்ததை ஃபோர்டு பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1914 ஜனவரியில், அதே இருவரும் சேர்ந்து மலிவு மின்கார் செய்யப்போகிறார்கள் என்று நாளிதழ்களில் செய்தி வந்தது. தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 டாலர் கூலி என்று ஃபோர்டு அறிவித்து உலகத்தைத் திடுக்கிட வைத்ததும் அதே மாதம்தான். ஒன்றிரண்டு மாதிரி வண்டிகள் ஓடின, புகைப்படங்கள்கூட இருக்கின்றன. ஆனால் எடிசன் பேட்டரியால் கனமான வண்டியை வேண்டிய அளவு இழுக்க முடியவில்லை. வேறு பேட்டரியை வைக்க ஃபோர்டு உடன்படவில்லை. திட்டம் சத்தமில்லாமல் மறைந்தது. அது வெற்றி பெற்றிருந்தால் கிளே அவென்யூவில்தான் முதல் அடி விழுந்திருக்கும். ஏனென்றால் ஃபோர்டு மின்காரை யோசித்தபோதும் மலிவு என்ற சொல்லை விடவில்லை. ஆண்டர்சன் ஒருநாளும் அந்தச் சொல்லின் பக்கம் போகவில்லை.

கம்பெனியின் உண்மையான நோய் இங்கேதான் இருந்தது. 1910களின் நடுவில் அடைத்த டெட்ராய்ட் எலெக்ட்ரிக் ஒன்றின் விலை 2,500 டாலருக்கும் 3,000 டாலருக்கும் அக்கம்பக்கம். எடிசன் பேட்டரி வேண்டுமென்றால் அதற்கு மேல். 1914-இல் மாடல் டி 500 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கின் விலைக்கு ஒரு குடும்பம் ஐந்து ஃபோர்டு வாங்கி வாசலில் நிறுத்தலாம். 1920களின் நடுவில் திறந்த மாடல் டி வெறும் 260 டாலர்.

இந்த வித்தியாசம் முழுவதும் பேட்டரியால் வந்ததல்ல. சாரட்டுப் பட்டறையின் பழக்கம் காரின் ஒவ்வொரு அங்குலத்திலும் இருந்தது. மரச்சட்டத்தை இழைத்து இழைத்துப் பொருத்துவது, வளைந்த கண்ணாடியைத் தனியே செய்வித்துப் பதிப்பது, வாடிக்கையாளர் கேட்ட நிறத்தில் மெத்தை தைப்பது. வண்ணம் பூசுவதே ஒரு தவம். ஒரு பூச்சு, காயவிடு, தேய், அடுத்த பூச்சு என்று சாரட்டுக்குச் செய்ததையே காருக்கும் செய்தார்கள். ஒரு பாடி பளபளக்க வாரக்கணக்கில் ஆகும். விரைவில் காயும் டூகோ பெயிண்டை டுபாண்ட் கம்பெனி 1920களின் முற்பகுதியில் கொண்டுவரும் வரை எல்லா உயர்தரக் கார்களுக்கும் இதுதான் நிலை. மறுபுறம், ஹைலேண்ட் பார்க்கில் ஃபோர்டின் நகரும் தயாரிப்பு வரிசை 1913-இல் தொடங்கியபின், ஒரு மாடல் டி அடிச்சட்டத்தைப் பொருத்த ஆன நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து ஒன்றரை மணியாகச் சுருங்கிற்று. இரண்டு தொழிற்சாலைகளுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம்தான். டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கின் மிகச் சிறந்த ஆண்டுகளின் விற்பனையை ஃபோர்டு இரண்டு மூன்று நாளில் செய்து முடித்துவிடுவார்.

மலிவாகச் செய்ய வேண்டும் என்று ஆண்டர்சனுக்குத் தோன்றாததைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய வாடிக்கையாளர்களுக்கு மலிவு தேவைப்படவில்லை. சாரட்டு வாங்குகிறவர் பேரம் பேசலாம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை விடக் குறைந்த சாரட்டில் போக விரும்பமாட்டார். அந்தச் சந்தையை அவர் நன்றாக அறிந்திருந்தார். அறிந்ததை விட்டு வெளியே வரத்தான் முடியவில்லை.

இதற்கிடையில் 1912-இல் கேடிலாக் காரில் ஒரு சின்னக் கருவி வந்தது. சார்லஸ் கெட்டரிங் செய்த செல்ஃப் ஸ்டார்ட்டர். ஒரு மின்மோட்டார், ஒரு பேட்டரி, ஒரு ஜெனரேட்டர். பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும், கைப்பிடி சுற்ற வேண்டாம். பெட்ரோல் கார் தன் வயிற்றுக்குள் குட்டியாக ஒரு மின்காரை வைத்துக்கொண்டது என்றே சொல்லலாம். பெண்களுக்காக என்று மின்கார் விற்பனையாளர்கள் பிடித்துவைத்திருந்த பெரிய வாதம் அத்தோடு கையைவிட்டுப் போனது. மாடல் டி-க்கு இந்த வசதி 1919 வரை வரவில்லை. ஆனால் 2,500 டாலர் கொடுக்கக்கூடிய வீடுகளுக்கு கேடிலாக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. போட்டி அங்கேதான்.

மிச்சம் இருந்தது அடைத்த பாடி. அதுவும் சீக்கிரம் போயிற்று. 1919-இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் அடைத்த கார். 1927-இல் நூற்றுக்கு 85. இந்தத் தாவலுக்கு முக்கியக் காரணம் ஹட்ஸன் கம்பெனி 1921-இன் இறுதியில் கொண்டுவந்த எஸ்ஸெக்ஸ் கோச். வளைந்த கண்ணாடி இல்லை, அலங்காரம் இல்லை, தட்டையான கூரையும் நேரான சுவரும் வைத்த ஒரு பெட்டி. விலை 1,495 டாலர். 1925-இல் அதை 895 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். அதே கம்பெனியின் திறந்த காரைவிட அடைத்த கார் மலிவாயிற்று. மழையில் நனையாமல், குளிரில் நடுங்காமல் போவது, பொத்தானை அழுத்திக் கிளப்புவது என்று டெட்ராய்ட் எலெக்ட்ரிக் பணக்காரர்களுக்கு விற்ற சுகங்கள் அனைத்தும் நடுத்தர வீடுகளுக்கு வந்துவிட்டன. அவை வந்தது பெட்ரோலில்.

அதே காலத்தில் சாலைகளும் நீண்டன. ஊருக்கு வெளியே கல் பாவிய, தார் போட்ட சாலைகள் வரத்தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமை எங்காவது தொலைவுக்குப் போகும் ஆசை மக்களைப் பிடித்துக்கொண்டது. பெட்ரோலை மளிகைக் கடையில்கூட டின்னில் வாங்கலாம். மின்சாரத்தை அப்படி வாங்க முடியாது. 1930-இல்கூட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. நகரத்துக்குள் போதுமானதாக இருந்த 130 கிலோமீட்டர், நகரத்தை விட்டு வெளியே கிளம்பியதும் போதாமல் போயிற்று.

பேட்டரியைச் சந்தாவுக்குக் கொடுத்து மாற்றித் தரும் யோசனையும் அப்போதே இருந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு மின் நிறுவனம் 1912 முதல் 1924 வரை லாரிகளுக்கு அப்படிச் செய்தது. அது நன்றாகவே ஓடியது என்பதைப் பார்த்தால், டெட்ராய்ட் எலெக்ட்ரிக் சரக்கு வண்டிகளைவிடச் சீமாட்டிகளையே பெரிதும் நம்பியது தவறோ என்று தோன்றுகிறது.

பெண்களின் கார் என்ற பெயர் ஒருவகையில் கம்பெனிக்குச் சோறு போட்டது, இன்னொரு வகையில் கழுத்தைப் பிடித்தது. ஆண்கள் ஓட்டத் தயங்கினார்கள். 1910களின் இறுதியிலும் 1920களிலும் வந்த டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார்கள் சிலவற்றில், முன்பக்கம் எஞ்சினே இல்லாத இடத்தில் எஞ்சின் மூடியும் ரேடியேட்டர் முகமும் வைத்தார்கள். பெட்ரோல் கார் போல் தோன்ற வேண்டும் என்பதற்காக வைத்த வேடம். முன்பு கண்ணாடிப் பெட்டியாக நின்று பெருமைப்பட்ட கார், ஊரோடு ஒத்துப்போகப் பொய் மூக்கு வைத்துக்கொண்டது.

கடல் தாண்டியும் ஒரு முயற்சி நடந்தது. ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸில் இருந்த அரோல்-ஜான்ஸ்டன் கார் கம்பெனி, 1913 வாக்கில் உரிமம் பெற்று டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கைச் செய்யத் தொடங்கியது. பெரிய எண்ணிக்கைக்கு அது போகவில்லை; அடுத்த ஆண்டே போர் வந்துவிட்டது. அந்தக் கம்பெனியின் மேலாளர் டி. சி. புல்லிங்கரின் மகள் டாரதி, போர் முடிந்தபின் கேலோவே என்ற காரைத் தயாரித்த தொழிற்சாலையை நடத்தினார். பெண்களுக்கான கார், செய்தவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் அது பெட்ரோல் கார். பெண்கள் ஓட்ட வேண்டுமானால் மின்சாரம்தான் சரி என்ற டெட்ராய்ட் விளம்பரக்காரர்களின் தத்துவத்தை, பெண்ணே நடத்திய தொழிற்சாலை கண்டுகொள்ளவில்லை.

1919-க்குப் பிறகு கம்பெனி பிரிந்தது. பாடி கட்டும் தொழில் தனி, எல்வெல்-பார்க்கர் மோட்டார் தொழில் தனி, கார் மட்டும் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார் கம்பெனி என்ற பெயரில் நின்றது. பாடி கட்டத் தெரிந்ததால் கார் தொழிலுக்கு வந்த நிறுவனம், பாடி கட்டுவதையே கைவிட்டது என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் துயரமாகப் படுகிற இடம். கடைசிக் காலத்தில் வில்லிஸ்-ஓவர்லாந்து போன்ற பெட்ரோல் கார் கம்பெனிகளின் பாடியை வாங்கி, அதற்குள் மோட்டாரையும் பேட்டரியையும் வைத்துக் கொடுத்தார்கள்.

1929-இன் பங்குச்சந்தை வீழ்ச்சி கம்பெனியைத் திவாலாக்கியது. அதை வாங்கியவர் ஏ. ஓ. டங்க். இவருடைய தொழிலே தனி. மூடிப்போன கார் கம்பெனிகளின் உதிரிபாகங்களையும் வரைபடங்களையும் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, அந்தக் கார்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு விற்பார். டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கும் அவரிடம் அப்படித்தான் வந்து சேர்ந்தது. கையில் இருந்த பழைய கார்களைப் புதுப்பித்துக் கொடுப்பது, யாராவது கேட்டால் மட்டும் ஒரு புதுக் கார் செய்து கொடுப்பது என்று தொழில் சுருங்கியது. வயதான பெண்கள் சிலர் விடாப்பிடியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டுப் பழக்கத்தை மாற்ற அவர்களுக்கு மனமில்லை. டிஸ்னி சித்திரக் கதைகளில் டொனால்டு வாத்தின் பாட்டி ஓட்டிவரும் உயரமான பழங்காலக் கார் டெட்ராய்ட் எலெக்ட்ரிக்தான். ஓவியர்கள் அமெரிக்கத் தெருவில் பார்த்ததைத்தான் வரைந்தார்கள். கடைசிக் கார் 1939-இல் தொழிற்சாலையை விட்டுப் போனது.

பிரிந்துபோன எல்வெல்-பார்க்கருக்கு வேறு வாழ்வு அமைந்தது. தொழிற்சாலைகளிலும் ரயில் நிலையங்களிலும் துறைமுகங்களிலும் சரக்கு நகர்த்தும் பேட்டரி வண்டிகளைச் செய்து கிளீவ்லாந்தில் அது பல பத்தாண்டுகள் நன்றாகவே இருந்தது. அங்கே யாரும் வளைந்த கண்ணாடி கேட்கவில்லை, பூக்குவளை கேட்கவில்லை. சுமை தூக்க வேண்டும், கொட்டகைக்குள் புகை வரக்கூடாது, ராத்திரி சார்ஜ் ஏற வேண்டும், அவ்வளவுதான். கார் இழந்த சந்தைக்கு ஈடாக மோட்டாருக்கு இந்தச் சந்தை கிடைத்தது.

ஓடிய கார்களில் பல இன்னும் பிழைத்திருக்கின்றன. கனடாவின் வான்கூவர் நகரத்து மின்வாகன ஆர்வலர் சங்கத்திடம் 1912-ஆம் ஆண்டுக் கார் ஒன்று இருக்கிறது. பிரஸ்ஸல்ஸின் ஆட்டோவேர்ல்டு அருங்காட்சியகத்தில் இன்னொன்று. பழைய பெட்ரோல் காரைவிட இவற்றை ஓடவைப்பது எளிது. தேயக்கூடிய பாகங்கள் குறைவு. பெரும்பாலும் பேட்டரியை மாற்றினாலே போதும்.

பெயருக்கும் மறுபிறவி வந்தது. லோட்டஸ் கம்பெனியின் பொறியியல் பிரிவில் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆல்பர்ட் லாம், 2008-இல் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற பெயரை மீண்டும் எடுத்தார். 2013-இல் எஸ்பி:01 என்ற இரண்டு இருக்கை மின்காரைக் காட்டினார்கள். விலை 1,35,000 டாலர், வேகம் மணிக்கு 249 கிலோமீட்டர், மொத்தம் 999 கார்கள்தான் என்று அறிவிப்பு. பாடியைத் தாங்களே கட்டவில்லை. லோட்டஸ் விளையாட்டுக் காரின் அடிச்சட்டத்தை எடுத்துக்கொண்டு மோட்டாரும் பேட்டரியும் வைத்தார்கள். அறிவித்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூட அது போகவில்லை.